இடது சிறகுக்குப் போட்ட திருத்தம்

பெறுநர் முகவரி தெரியாததால் நேரடியாகக் குறைகளுக்கு வருகிறேன்.

1. ஆகஸ்ட் மாதம், வியாழக்கிழமை. பம்மல் டாக்டர் உனக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். தலைக்கு ஸ்கேன், இன்றே, தள்ளிப்போடக் கூடாது. ‘இன்றே’ என்பதன் கீழ் இரண்டு கோடுகள். நீ அதை நான்காக மடித்து, வயர்கள் வைக்கும் பிஸ்கட் டப்பாவின் அடியில் போட்டிருக்கிறாய்.

2. அதே வாரம், சனிக்கிழமை, காலை பதினொன்று பத்து. இடது கை ஏன் தாமதமாக எழுகிறது என்று ஜெனிபர் கேட்டதற்கு, முதல் நாள் பட்டறையில் தகடு தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்றாய். முதல் நாள் முழுவதும் உன் பட்டறையில் மின்சாரம் இல்லை. ஒரு தகடும் தூக்கப்படவில்லை. விசாரித்துவிட்டேன்.

3. அன்றே, மாலை நான்கு மணி. உன் கைக்கு என்ன என்று நானும் கேட்டேன். “உன் மெஷின்தான் கோணல் மச்சான், நான் நேராத்தான் கீறேன்” என்றாய்.

4. ஞாயிற்றுக்கிழமை, மாலை. மேடையில் கேடயத்தை வலக்கையால் மட்டும் வாங்கினாய். இடக்கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. ஸ்டைல் என்று நினைத்தேன்.

5. செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி. உன் வீட்டுக் குளியலறை. விவரம் உனக்குத் தெரியும்.

மேற்கண்டவற்றுக்கு விளக்கம் தேவை.

இந்த வடிவம் உனக்குப் புதிதல்ல. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து ஆலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் நான். திருமுடிவாக்கத்தில் தகடு வளைக்கும் சொந்தப் பட்டறையில் நீ. உன் பட்டறையிலிருந்து எங்கள் ஆலைக்குப் பாகங்கள் வந்துகொண்டிருந்த ஆண்டுகள் முழுவதும், ஒரு துளை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால்கூட, எண்ணிட்டு, தேதியிட்டு, உனக்குக் குறை அறிக்கை அனுப்பினேன். குரோம்பேட்டைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்பதற்காக ஒரு வரியைக்கூடக் குறைத்ததில்லை. அறிக்கையின் கடைசி வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: இந்தத் தேதிக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் குறையை ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும்.

நீயும் ஒரு தடவைகூடத் தவறாமல் பதில் எழுதினாய். கோடு போட்ட தாளில், உன் கையெழுத்தில். “துளை தள்ளிப் போனது உண்மை. அடித்தவன் நான். இனி தள்ளாது. ஸ்டேஷன் பக்கம் புதிதாக ஒரு பரோட்டாக் கடை வந்திருக்கிறது, வரவும்.” அலுவலகக் கோப்பில் அந்தத் தாள்களை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் நான் பட்ட அவதி உனக்குத் தெரியும். அந்த அவதிக்காகவே அப்படி எழுதினாய். ஆனால் காரணத்தை நீ மறைத்ததில்லை. எந்தக் குறைக்கும், ‘அடித்தவன் நான்’ என்ற இரண்டு சொற்களை எழுதத் தயங்காதவன் நீ. அதனால்தான் மேலே உள்ள ஐந்தும் எனக்குப் புரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி வசந்தி கிழக்குத் தாம்பரத்துக்கு, என் வீட்டுக்கு வந்தாள். கையில் அந்தப் பிஸ்கட் டப்பா. “உங்க சாமான்ணா இது. வீட்ல கெடந்தா பாக்கப் பாக்க என்னமோ போல இருக்கு” என்று மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்ததும் பட்டறை எண்ணெயும் பழைய பிஸ்கட்டும் கலந்த அந்த வாசனை வந்தது. உன் சட்டைப் பையிலிருந்து பேனா இரவல் வாங்கும்போதெல்லாம் வரும் வாசனை. கேமரா, இரண்டு வயர்கள், நீ ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய விதம் கலையாமல். அடியில் சீட்டு.

படித்துவிட்டு வசந்தியிடம் நீட்டினேன். அவள் திடுக்கிடவில்லை.

“தெரியும்ணா. வியாழக்கெழம கை மரத்துப்போச்சுன்னு நான்தான் டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனேன். ஸ்கேனுக்குப் போங்கன்னா, ‘ரெண்டு நாளு, இது முடியட்டும், திங்கக்கெழம போறேன்’னாரு. திங்கக்கெழம கேட்டா, ‘கூட்டமா இருக்கும், நாளைக்கி’ன்னாரு.”

பிறகு, கோபமே இல்லாமல், ஒரு சந்தேகம் கேட்பதைப் போலக் கேட்டாள்: “அந்த ரெண்டு நாளும் உங்க கூடத்தானண்ணா இருந்தாரு? நீங்க அளவு பாக்குற ஆளு. உங்க கண்ணுலகூடவா படல?”

காபி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தேன். அந்தக் கோழைத்தனத்துக்கும் சேர்த்துத்தான் உன்மீது கோபம்.

‘இது முடியட்டும்.’ பதினைந்து வயதிலும் இதைத்தான் சொன்னாய். கபடி ஆட்டத்தில் சுண்டுவிரல் ஒடிந்து தொங்கியது. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இரண்டாம் பாதி முழுவதும் ஆடினாய். கடைசி விசில் ஊதிய பிறகுதான் என் பக்கம் திரும்பி விரலைக் காட்டிச் சிரித்தாய். அன்று நான் அதை வீரம் என்று நினைத்து ஊரெல்லாம் சொன்னேன். அப்போதே ஓர் அறை விட்டிருக்க வேண்டும்.

ஜூலையில் திருமுடிவாக்கம் டீக்கடையில் உன் கைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினாய். வண்டலூருக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரி. இரண்டு நாள் ஹேக்கத்தான், காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை. உடல் அசைவால் ஆடக்கூடிய வீடியோ கேம் ஒன்றைக் கட்டி முடிக்க வேண்டும். அணிக்கு மூன்று பேர்.

“கடைசி லைன பாரு மச்சான். வயசு வரம்பு இல்லியாம். நமக்குன்னே போட்டு கீறாங்க.”

“காலேஜ் பசங்க நடுவுல போய் நின்னா சிரிப்பாங்கடா.”

“சிரிச்சிட்டுப் போறாங்க. நீ கணக்கு போடு. உங்க ஆபீஸ் பொண்ணு ஜெனிபர் புரோகிராம் எழுதட்டும். நான் ஆடறேன்.”

“ஐம்பத்துநாலு வயசுல?”

“அப்பறம் ஒடம்பு இன்னாத்துக்கு கீது?”

பட்டியலில் இந்தக் கேள்வியை நான் சேர்க்கவில்லை. சேர்த்திருக்கலாம்.

ஜெனிபர் எங்கள் ஆய்வகத்தில் அளவுக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுபவள். சேலையூர்க்காரி. என்னைவிட இருபது வயது இளையவள், வேலையில் என்னைவிடக் கறார். நீ அழைத்ததும் ஒரே கேள்விதான் கேட்டாள்: “அண்ணா, நடுவுல ஓடிர மாட்டீங்கல்ல?” ஓட மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்தாய். அந்தச் சத்தியத்தை மட்டும் காப்பாற்றினாய்.

கல்லூரி அரங்கில் நம் மேசை ஜன்னலோரம். திரைக்கு மேல் கேமரா. எதிரே நிற்பவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாவற்றையும் அது புள்ளிகளாகப் பார்க்கும். கைகளை விரித்தால் திரையில் ஒரு பறவை சிறகு விரிக்கும். அடித்தால் மேலே எழும்பும். இரண்டு கைகளும் ஒரே உயரத்தில் இருந்தால் நேராகப் போகும். ஒரு கை தாழ்ந்தால் அந்தப் பக்கம் திரும்பும். தாம்பரம் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்திலிருந்து கிளம்பி, ஜிஎஸ்டி சாலைக்கு மேலே, மின்கம்பிகளுக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் இடையில் பறந்து, வண்டலூர் உயிரியல் பூங்கா ஏரியில் இறங்க வேண்டும். கேம் அவ்வளவுதான்.

ஜெனிபர் கழுகு போடலாம் என்றாள். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

“கழுக எல்லாரும் வுடுவாங்கம்மா. கூழைக்கடா வுடு. இம்மாந்தொந்திய வச்சுகினு பறக்கற ஆளு அது ஒண்ணுதான். நம்ம சார் மாதிரி.”

ஜெனிபர் சிரிப்பை அடக்க லேப்டாப் பின்னால் குனிந்துகொண்டாள். அந்தப் பறவையின் வயிற்றை அவள் பிறகு இரண்டு சுற்றுப் பெரிதாக்கினாள். நான் கவனிக்கவில்லை என்று இருவரும் நினைத்தீர்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு உன் கூழைக்கடா ஏரிவரை நேராகப் போயிற்று. பதினொரு மணிக்கு இடப்பக்கம் இழுத்தது. பெருங்களத்தூர் தாண்டுவதற்குள், ‘அடுக்குமாடி வீடுகள் விற்பனைக்கு’ என்று ஜெனிபர் எழுதி வைத்திருந்த பலகையில் போய் மோதியது. மறுபடி கிளம்பினாய், மறுபடி அதே பலகை.

பக்கத்து மேசைப் பெண் ஒருத்தி, “அங்கிள், அந்த ஃபிளாட்ட வாங்கிடுங்க, அவ்ளோ ஆசையா போறீங்க!” என்றாள்.

“லோன் சாங்ஷன் ஆவலம்மா!” என்று நீ கத்தினாய். அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்தான் ஜெனிபர் உன் இடக்கை குறித்துக் கேட்டாள், நீ தகடு கதை சொன்னாய்.

அவள் அதை நம்பவில்லை. நம்பாததை வேலையில் எப்படிச் சோதிப்பாளோ அப்படிச் சோதித்தாள். தானே கேமரா முன்னால் நின்று ஆடினாள். பறவை நேராகப் போயிற்று. என்னை நிற்கச் சொன்னாள். தொந்தியோடு நான் அடித்த அடிக்கும் அது நேராகத்தான் போயிற்று. உன்னைத் தண்ணீர் பாட்டில் எடுத்துவர அனுப்பிவிட்டு என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள்:

“சார், நான் ஆடினா நேரா போகுது. நீங்க ஆடினாலும் நேரா போகுது. அண்ணா ஆடினா மட்டும்தான் இழுக்குது.”

இதற்குமேல் ஒருவருக்கு என்ன சொல்லித் தரவேண்டும்? இரண்டு வேறு பொருள்களை அளந்து இரண்டும் சரியாக வந்தால் கருவி சரி. மூன்றாவது பொருளில்தான் கோளாறு. என் பிரிவில் சேர்கிற யாருக்கும் முதல் நாளில் நான் சொல்லித் தரும் பாடம் இது. ஆய்வகச் சுவரில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்: காரணம் தெரியாமல் திருத்தம் போடாதே. நீ வரும்போதெல்லாம் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, “அதான் உனக்கு மூக்குக் கண்ணாடி இன்னும் சரியா ஒக்கார மாட்டேங்குது” என்பாய்.

அந்த வாசகத்தை எழுதிய நான் ஜெனிபரிடம் சொன்னது இது: “ஒவ்வொருத்தர் உடம்பும் ஒரு மாதிரிம்மா. அவனுக்குத் தனியா ஒரு திருத்தம் போட்டுடலாம்.”

போட்டோம். இடக்கை எவ்வளவு உயர்கிறதோ அதைவிட எட்டு சதவீதம் கூட்டி எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரி. நீ பாட்டிலோடு வந்தாய், ஆடினாய், பறவை ஏரியில் இறங்கியது. “பாத்தியா, மெஷின்தான் கோணல்” என்று என் முதுகில் தட்டினாய். வலக்கையால்.

நான்கு மணிக்கு மறுபடி இழுத்தது. மறுபடி கூட்டினேன். ஞாயிறு காலை மறுபடி. அப்போது உன் முகம் வெளுத்திருந்தது. ஜெனிபர், “அண்ணா, போதும். நான் ஆடறேன், நீங்க உக்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். நீ என்னைத்தான் பார்த்தாய். “இது முடியட்டும் மச்சான்.” நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நீ இறுதி அனுமதியாக எடுத்துக்கொண்டிருக்கிறாய்.

மாலையில் நடுவர்கள் முன்னால் நீ பறந்தது நன்றாக இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். மின்கம்பிகளுக்கு அடியில் புகுந்து, மேம்பாலத்தை உரசி, கடைசியில் தண்ணீரில் வயிறு தட்டி இறங்கியபோது, இருபது வயதுப் பிள்ளைகள் எழுந்து நின்று கத்தினார்கள். நடுவர்களில் ஓர் அம்மையார் என்னிடம், “ஆடுறவங்க உடம்புக்கு ஏத்த மாதிரி தானா சரி பண்ணிக்குதே, அந்த ஐடியா ரொம்ப அழகு சார்” என்றார். இரண்டாம் பரிசு அதற்காகத்தான் கிடைத்தது. என் திருத்தத்துக்கு. நான் நன்றி சொன்னேன்.

இப்போது ஆறாவது குறைக்கு வருகிறேன். அது உன்னுடையதல்ல, ஆகவே மேலே சேர்க்கவில்லை.

வேலைப் பழக்கத்தில் ஒவ்வொரு திருத்தத்தையும் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். வசந்தி போன பிறகு எடுத்துப் பார்த்தேன். சனி 11.40, எட்டு. சனி 4.20, பதினைந்து. ஞாயிறு 10.05, இருபத்தேழு. மூன்றே வரிகள். திருத்தங்களின் பட்டியல் என்று நினைத்து எழுதியிருக்கிறேன். உன் இடக்கை ஒரு நாளைக்குள் எவ்வளவு விழுந்தது என்பதன் அளவு அது. எந்த ஆஸ்பத்திரியும் அவ்வளவு பொறுமையாக எடுத்திருக்காது. நேரம் குறித்து, என் கையெழுத்தில், கீழே என் சுருக்கொப்பத்தோடு இருக்கிறது. உன் மூளைக்குள் நடந்துகொண்டிருந்ததை நான் மூன்று முறை சரியாக அளந்திருக்கிறேன். மூன்று முறையும் அழித்திருக்கிறேன்.

சனிக்கிழமையே வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று உன்னைக் கடைசியாகப் பார்த்த டாக்டரைத் தேடிப் போய்க் கேட்டேன். “சொல்ல முடியாது சார்” என்றார். சொல்ல முடியாது என்பதை எந்த அலகில் குறித்துக்கொள்வது?

நீ மறைத்தாய். சரி. ஆனால் நீ என்னைப் பயன்படுத்தி மறைத்தாய். பறவை நேராகப் போன ஒவ்வொரு தடவையும், ‘ஒன்றுமில்லை’ என்று உனக்கே நிரூபித்துக்கொண்டாய். அந்த நிரூபணத்தைத் தயாரித்துக் கொடுத்தவன் நான். எல்லாவற்றையும்விட எனக்கு எரிவது அதுதான். சுண்டுவிரலையாவது முதுகுக்குப் பின்னால் மறைத்தாய். இந்த முறை என் முதுகுக்குப் பின்னால் மறைத்தாய்.

இனி, இந்த மடலை இப்போது எழுதுவதற்கான காரணம்.

அந்தக் கல்லூரி நம் கேமை அவர்களுடைய நுழைவுக்கூடத்தில் நிரந்தரமாக வைக்கப் போகிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இறுதி வடிவத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். யாரும் எதிரே நிற்காத நேரத்தில் திரையில் ஓர் ஆட்டம் தானாக ஓடிக்கொண்டிருக்கும். அது உன்னுடைய ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். உன் தோளும் மணிக்கட்டும் இருந்தது இருந்தபடியே பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதன்மேல் என் இருபத்தேழு சேர்ந்துதான் நீ நேராகப் பறக்கிறாய்.

நேற்று மாலை ஆய்வகத்தில் நானும் ஜெனிபரும் அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். தாம்பரத்தில் எழும்பினாய். இடது சிறகு முழுதாக எழவில்லை. பெருங்களத்தூர் வருவதற்கு வெகு முன்பே வளைந்து, முதல் பலகையிலேயே மோதி விழுந்தாய். மறுபடி எழும்பினாய். மூன்றாவது தடவை ஜெனிபர் திரையை அணைத்தாள்.

“அந்த வரிய எடுக்க வேணாம் சார். அண்ணா ஏரிக்குப் போய்ச் சேரட்டும்.”

“அது பொய் ஜெனிபர்.”

“பொய்யாவே இருக்கட்டுமே. யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?”

“கெட்டுப்போனதே அதாலதான்.”

“அப்ப வேற யாராச்சும் ஆடினத பதிவு பண்ணிப் போட்டுடலாம். நானே ஆடறேன்.”

“அவன எடுத்துடுவியா?” என்று கத்தினேன். ஆய்வகத்தில் நான் கத்தியதே இல்லை. பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

அவளும் கத்தினாள். “வச்சா பொய்ங்கறீங்க, எடுத்தா மோதறாரு, மாத்தவும் கூடாது. என்னதான் சார் பண்றது? அண்ணாவையே கேட்டுச் சொல்லுங்க!”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. நான் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் முறை. குறை கண்டால் சம்பந்தப்பட்டவரிடம் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை நான் அரட்டையாகக் கேட்டேன். நீ அரட்டையாகப் பதில் சொன்னாய். எழுத்தில் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாய். எழுத்தில் நீ பொய் சொன்னதே இல்லை.

ஆகவே எழுத்தில் கேட்கிறேன். வசந்திக்கு நான் சொல்ல வேண்டிய பதிலைச் சொல்லிவிட்டேன். இன்று காலை பம்மலில் உன் வீட்டுக்குப் போய்க் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவள் மூன்று வரிகளையும் விரல் வைத்துப் படித்தாள். “இவ்ளோ சரியா எழுதியிருக்கீங்களேண்ணா” என்று மட்டும் சொல்லித் திருப்பித் தந்தாள். குறிப்பேடு என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. இனியும் அங்கேதான் இருக்கும். ஆய்வகச் சுவரில் இருந்த தாளை எடுத்துவிட்டேன். அதை ஒட்டிவைக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பது உன் பதிலைப் பொறுத்தது.

கேள்வி ஒன்றுதான். அந்த வரி இருக்கட்டுமா, எடுக்கட்டுமா?

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் உன் பதில் எழுத்துமூலம் என் கைக்கு வந்து சேர வேண்டும். கோடு போட்ட தாள் போதும். பரோட்டாக் கடை பற்றிய குறிப்புகள் இருந்தாலும் இந்த முறை கோப்பில் சேர்க்கப்படும்.

வழக்கமான கடைசி வாக்கியத்தை மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால், குறையை நான் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும். ஐந்து மணி அடித்ததும் வரியை எடுத்துவிட்டுத்தான் அனுப்புவேன். அந்தக் கூடத்தைக் கடக்கிற ஒவ்வொருவரும் நீ போய் மோதுவதைப் பார்ப்பார்கள். ஒருவராவது நின்று, இந்தப் பறவைக்கு இடப்பக்கம் என்ன ஆயிற்று என்று கேட்கட்டும். நான் சரியாகக் கேட்காத கேள்வி அது.

உன் இடக்கை பற்றிய முழு விவரமும் என்னிடம் உள்ளது. வலக்கையில் கடைசி நாள்வரை எந்தக் குறையும் பதிவாகவில்லை. எனவே எழுத இயலவில்லை என்ற காரணம் ஏற்கப்படாது.